பெங்குவினுக்குக் கை கிடையாது

எனக்குச் சந்தேக புத்தி என்று என் மாமியார் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். நான் மறுக்கவில்லை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷமாகச் செக்கிங் மேசையில் நிற்கிறேன். ஒரு நாளைக்கு முந்நூறு சட்டை என் கைக்கு வரும். காலர் கோணலா, தோள் தையல் இழுக்கிறதா, பட்டனும் காஜாத் துளையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்ப வேண்டும். சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம். சாயங்காலம் ஆனதும் அதைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வா என்றால் எப்படி வரும்?

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர். ஐம்பது வயதுவரை டீயும் பேப்பரும் தவிர வேறு ஆசை இருந்ததில்லை. அப்படிப்பட்டவர் மார்ச் மாதம் ஒரு நாள், துணி மடித்துக்கொண்டிருந்த என் எதிரே வந்து நின்றார்.

"லைப்ரரில சனிக்கிழமை ஒரு கிளாஸ் நடக்குது. கம்ப்யூட்டர்ல படம் ஒட்டுறது. சேரலாம்னு பாக்கறேன்."

"படம் ஒட்டி என்ன பண்ணப்போறீங்க?"

"சும்மா, ஒரு தமாஷுக்கு."

இருபத்துமூன்று வருஷத்தில் அந்த வாயிலிருந்து ஒரு தமாஷ் வந்து நான் கேட்டதில்லை. மறுநாள் தொழிற்சாலையில் காஜா அக்காவிடம் சொன்னேன். காஜா மெஷின் ஓட்டுகிறவர், அதனால் அந்தப் பெயர். அவர் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அம்பது வயசுல ஆம்பளைக்குத் திடீர்னு பொழுதுபோக்கு வந்தா, அதுக்குப் பேரு பொழுதுபோக்கு இல்லடி" என்றார். அன்றைக்கு நான் திருப்பி அனுப்பிய சட்டைகள் வழக்கத்தைவிட இருமடங்கு.

ஆனால் படங்கள் வரத்தான் செய்தன. முதலில், எங்கள் சோபாவில் சோபா அளவுக்கு ஒரு பூனை. பிறகு அவருடைய சூப்பர்வைசர் வாஷிங் மெஷினுக்குள் சுருண்டு தூங்குவது. பிறகு பால்கனியில் என் மாமியார் ஒட்டகச்சிவிங்கிக்குத் தலை வாரிவிடுவது. அதைப் பார்த்துவிட்டு என் நாத்தனார் போன் செய்து, இவ்வளவு பெரிய மிருகத்தை மாடிக்கு எப்படி ஏற்றினீர்கள் என்று கேட்டாள். அவளுக்கு மூளை குறைவு என்பது வேறு விஷயம். படம் அவ்வளவு நிஜமாக இருந்தது என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்படி நிஜமாக ஆனதற்கு நான்தான் காரணம். ஒவ்வொரு படத்தையும் முதலில் என்னிடம்தான் காட்டுவார். ஒரு நிமிஷத்துக்குள் ஒட்டு எங்கே என்று நான் கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்குப் பாத்திரம் அவர் கழுவ வேண்டும். பூனையை மூன்று விநாடியில் பிடித்தேன். பூனை உட்கார்ந்திருக்கிறது, சோபா மெத்தை அமுங்கவே இல்லை. சூப்பர்வைசர் முகத்தில் வெளிச்சம் இடப்பக்கம், மெஷினில் வலப்பக்கம். ஒட்டகச்சிவிங்கி பால்கனியில் நிற்கிறது, பின்னால் கண்ணாடிக் கதவில் அதன் பிம்பத்தைக் காணோம். அவர் கோபப்படாமல் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போய்த் திருத்துவார். கால் தரையில் படும் இடத்தில் நிழல் கருப்பாக இருக்க வேண்டும், தள்ளிப்போகப் போக வெளுக்க வேண்டும் என்று எனக்கே பாடம் நடத்துவார். ஜூன் மாதம் முழுவதும் நானே பாத்திரம் கழுவினேன். மனிதர் தேறிவிட்டார் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

என் கண் இன்னொரு இடத்திலும் வேலை செய்தது. எங்களுக்கு ஒரே மகள். வெளியூரில் ஹாஸ்டலில் தங்கி மருந்தாளுநர் படிப்பு, இரண்டாம் வருஷம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் எனக்கு ஒரு படம் அனுப்ப வேண்டும் என்பது என் சட்டம். போனில் எதையும் சொல்லிவிடலாம், படத்தில் மறைக்க முடியாது. நான் பெரிதாக்கிப் பார்ப்பேன். பக்கத்தில் நிற்பது யார், பின்னால் தெரிகிற பையன் எதற்குச் சிரிக்கிறான், தலை ஏன் வாரவில்லை என்று கேட்பேன். அவளும் பதில் சொல்லிவிடுவாள்.

இங்கே என் வீட்டுக்காரர் சனிக்கிழமை காலை போனால் மாலை நான்கு மணிக்குத்தான் வந்தார். நான் லைப்ரரிக்குப் போன் செய்தேன். வகுப்பு பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிடும் என்றார்கள். நான்கு மணி நேரம் எங்கே போகிறது? துவைக்கிற துணியில் தேடினேன். சென்ட் வாசனை இல்லை, தலைமுடி இல்லை. வார்னிஷ் வாசனைதான் இருந்தது. பேன்ட் மடிப்பில் மரத்தூள்.

"வார்னிஷா?" என்று காஜா அக்காவும் குழம்பினார். "புது வீடு ஏதும் பாத்து, கட்டில் பீரோன்னு செஞ்சு போடறாரோ?"

அப்படியானால் வேறொருத்திக்குக் கட்டில் செய்து போடுகிறார். இருபத்துமூன்று வருஷக் குடும்பம், இப்படி ஒரு மரத்தூளில் வந்து நிற்கிறது. நேராகக் கேட்டுவிடலாம்தான். கேட்டால் பொய் சொல்ல நேரம் கொடுத்த மாதிரி ஆகும் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை, பக்கத்தில் படுத்திருந்தவர் அன்னியராகத் தெரிந்தார்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெங்குவின் படத்தைக் காட்டினார். ஏதோ ஒரு பூங்கா. பெஞ்சில் இவர் உட்கார்ந்திருக்கிறார், கையில் ஐஸ்கிரீம். பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பெங்குவின், அதன் அலகிலும் ஐஸ்கிரீம். நிழல் சரி, வெளிச்சம் சரி, பெஞ்சுப் பலகைகூட பெங்குவினின் எடைக்குக் கொஞ்சம் வளைந்திருந்தது.

"நேரம் ஓடுது" என்றார் சிரித்துக்கொண்டே.

நான் பெங்குவினை விட்டுவிட்டேன். பத்தொன்பது வருஷப் பழக்கம், கண் தானாகச் சட்டைக்குப் போனது. நான் இஸ்திரி போட்ட நீலச் சட்டை. இடது தோளில் துணி கீழ்நோக்கி அமுங்கி, கழுத்திலிருந்து நான்கு மடிப்புகள் ஒரே இடத்தை நோக்கி ஓடின. சும்மா உட்கார்ந்தால் சட்டை அப்படி மடங்காது. தோளை யாராவது பிடித்து அழுத்தினால்தான் மடங்கும். பெங்குவினுக்குக் கை கிடையாது.

"தெரியல, நீங்க ஜெயிச்சுட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் தொழிற்சாலையில் பாய்லர் பழுது என்று மதியமே எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவருடைய கம்ப்யூட்டரைத் திறந்தேன். நான்கு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கும் கொஞ்சம் தெரியும். படம் என்பது ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள். அவற்றை லேயர் என்பார். எதையும் அழிக்கக் கூடாது, மறைத்துத்தான் வைக்க வேண்டும் என்பது அந்த வகுப்பின் முதல் பாடமாம். ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் இருக்கும். அதை அழுத்தினால் அந்த லேயர் மறையும், இன்னொரு முறை அழுத்தினால் வரும்.

பெங்குவினின் கண்ணை அழுத்தினேன். பெங்குவின் போனது, வெறும் பெஞ்சு. அதற்குக் கீழே இன்னொரு லேயர், அதையும் அழுத்தினேன்.

பெஞ்சில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, வாய் முழுக்கச் சிரிப்பு. இடுப்புவரை இருந்த முடியைக் காதுக்கு மேல் வெட்டியிருந்தாள். உடம்பில் முரட்டுத் துணி ஏப்ரன், அதில் வார்னிஷ் கறை. நேற்றுக் காலையில்தான் அவள் ஹாஸ்டல் படிக்கட்டில், நீண்ட பின்னலோடு எனக்குப் படம் அனுப்பியிருந்தாள்.

வேறொருத்தி இல்லை என்று தெரிந்த ஆறுதல் ஒரு விநாடிதான் இருந்தது. பக்கத்திலேயே 'ஞாயிறு' என்று ஒரு ஃபோல்டர். அதில் பதினான்கு படம். ஹாஸ்டல் படிக்கட்டு தனி, தோழிகள் தனி, என் மகள் தனி, பின்னல் தனி. பின்னால் சிரித்த பையனைக்கூட எங்கிருந்தோ வெட்டி ஒட்டியிருந்தார், நான் கேள்வி கேட்டுத் திருப்திப்படட்டும் என்று.

அவர் வேலை முடிந்து வந்தபோது திரையை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். செருப்பைக் கழற்றியவர் அப்படியே சுவரோடு நின்றுவிட்டார்.

"எப்போலேர்ந்து?" என்றேன்.

"பிப்ரவரி. படிப்பு வேணாம்னு வந்துட்டா. ஸ்டேஷன்லேர்ந்து எனக்குத்தான் போன் பண்ணா. இங்கேர்ந்து பதினோரு ஸ்டாப், ஒரு மரப்பட்டறையில வேலை. நல்லா செய்யறா."

"நீங்க கிளாஸ்ல சேர்ந்தது மார்ச்."

"மொதல்ல பழைய படமா அனுப்பினா. போன வாரம் போட்ட அதே செருப்பு ஏன்னு நீ கேட்ட."

"அப்போ பூனை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம்?"

அவர் தரையைப் பார்த்தார். "பழகறதுக்கு. உன் கண்ணுக்குத் தப்பிச்சா யார் கண்ணுக்கும் தப்பிச்சுடும்."

என்னை ஏமாற்றுவது எப்படி என்று நானே நான்கு மாதம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதற்குப் பெருமை வேறு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி ஜன்னல் வழியாகப் போட்டிருப்பேன்.

"நான் என்ன பேயா பிசாசா? பெத்தவகிட்ட சொல்றதுக்கு என்ன பயம் அவளுக்கு? அடிச்சேனா, திட்டினேனா?"

"கேப்ப."

"கேட்டா என்ன?"

அவர் வந்து எதிரே உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை, அவருக்கு அது வராது. "மொத வருஷம் ஹாஸ்டல்ல காய்ச்சல்னு போன் பண்ணா. ஞாபகம் இருக்கா? நீ என்ன சொன்ன? நாளைக்குப் பரீட்சையான்னு கேட்ட. அப்புறம் தெர்மாமீட்டரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்ன. அனுப்பினா. வெந்நீர்ல முக்கினியான்னு கேட்ட. அவ அப்போ ஆஸ்பத்திரில படுத்திருந்தா. மூணு நாள். அதை உன்கிட்ட சொல்லவே இல்ல."

நான் சொன்ன வார்த்தைகள்தான். தமாஷாகக் கேட்டதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் படம் என்ற சட்டத்தைக்கூட அந்தத் தெர்மாமீட்டருக்குப் பிறகுதான் போட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக அவளைப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

"கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

"இப்பவா?"

"இப்பவே. ஒரு கேள்வி கேக்க மாட்டேன்."

பஸ்ஸில் பதினோரு ஸ்டாப்பும் அவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார். பட்டறைக்கு மேலே ஒற்றை அறை. இரும்புப் படிக்கட்டில் ஏறும்போதே வார்னிஷ் வாசனை வந்துவிட்டது. அவர்தான் கதவைத் தட்டினார்.

திறந்தவள் முதலில் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். பின்னால் நான் நின்றதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. படத்தில் பார்த்ததைவிட இளைத்திருந்தாள். விரல் நுனியெல்லாம் பழுப்புக் கறை. கட்டிப்பிடித்துக்கொள்ளத்தான் கையைத் தூக்கினேன். ஆனால் இந்தப் பாழாய்ப்போன கண் இருக்கிறதே, அவள் தோளுக்கு மேலாக உள்ளே போய்விட்டது. கொடியில் ஒரு சட்டை காய்ந்தது, ஆண்பிள்ளைச் சட்டை, பெரிய அளவு. மேசையில் இரண்டு தட்டு.

என் கண் போன வழியை அவளும் பார்த்தாள். கதவைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

"கேளும்மா" என்றாள்.

யாருடைய சட்டை, எத்தனை நாளாக, அவன் என்ன செய்கிறான் என்று அத்தனையும் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினேன்.

"எதுவும் கேக்கல. உன்னைப் பாக்கணும் போல இருந்துச்சு, வந்தேன்."

அவள் என் முகத்தை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"யார் சொல்லிக்கொடுத்து இப்படிச் சொல்ற?" என்றாள்.

"யாரும் சொல்லிக்கொடுக்கல. நெஜமாத்தான் சொல்றேன்."

அவள் நம்பவில்லை. என் மகள் ஆயிற்றே, எப்படி நம்புவாள்.