கால் நனையாத எண்ணூறு பேர்

எங்கள் அல்தேராத் தீவில், தன் தவறைத் தானே சபையில் சொல்பவரின் கால்கள் தரையைவிட்டு எழும்பிவிடும். சின்னத் தவறென்றால் ஒரு சாண், பெரியதென்றால் ஓர் ஆள் உயரம். பொழுது சாயும்வரை அப்படியே நிற்பார்கள். ஆய்வு மன்றத்தின் கூரையை அவ்வளவு உயரமாகக் கட்டியது அதனால்தான். வந்துபோகும் மாலுமிகள் வாயைப் பிளப்பார்கள். ரொட்டியும் ஆலிவ் காயும் கொடுத்து அனுப்பிவிடுவோம்.

அரசனும் காவலனும் இல்லாத ஊர் இது. அளந்து பார்த்ததுதான் சட்டம். ஒருவர் கண்டதை இன்னொருவர் சோதித்துக் கையெழுத்திட்ட பிறகே சுவரில் செதுக்குவோம். கடல் எந்த நாளில் எவ்வளவு ஏறும் என்று, கண்ணாடி வில்லை தேய்க்கும் திர்சா போட்ட கணக்கு அப்படிச் செதுக்கப்பட்டதுதான். சோதித்தவர் மெல்கோர். முப்பது ஆண்டுகள் அது பிசகவில்லை என்று திர்சாவுக்குச் சிலை வைத்தார்கள். திறப்பு நாள் காலையில் அவள் சும்மா இருக்க முடியாமல் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தாள். நிலவின் ஒரு சுற்றைத் தொடக்கத்திலேயே விட்டிருந்தாள். சரியாகப் போட்டால், அன்று நண்பகலில் கடல் ஆள் உயரத்துக்கு ஊருக்குள் ஏறும் என்று வந்தது. தீவில் மேடு கிடையாது, படகுகளோ பதினொன்று. முப்பது வருடப் பெயர் போகிறதே என்று கொஞ்சம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, ஊரே கூடியிருந்த மன்றத்துக்குப் போனாள்.

"என் கணக்கு தப்பு. மத்தியானம் கடல் உள்ள வரும்" என்றாள். சொன்னதுமே ஆள் உயரம் எழும்பினாள்.

"ஏம்மா திர்சா, சிலை திறக்கிற அன்னைக்கா இந்த வேலை?" என்றார் மெல்கோர். "நான் சோதிச்ச கணக்கு அது. கடல் அளக்கிற எந்தக் கோலும் இதுவரைக்கும் மாத்திக் காட்டினதில்ல."

உப்பளத்து நோவேமி தலையைச் சொறிந்தாள். "என் கோலு ரெண்டு விரல் கூடக் காட்டுச்சு. திர்சாம்மா கணக்கு தப்பாகுமான்னு நான்தான் கோல்ல இருந்த கோட்டைச் சீவி மாத்திட்டேன்." அவளும் ஆள் உயரம் எழும்பினாள். அப்புறம் பார்த்தால், கோல் வைத்திருந்த எல்லோருமே சீவியிருந்தார்கள். கோல் இல்லாதவர்கள் அதைப் பார்த்தும் பேசாமல் இருந்ததை ஒப்புக்கொண்டார்கள். எல்லோரும் அதே உயரத்துக்கு எழும்பினார்கள். கைக்குழந்தைகள் தாய்மார் இடுப்பிலிருந்தபடியே மேலே போயின.

நண்பகலில் கடல் வந்தது. மெல்கோர் மட்டும் தரையில் நின்றார். முழங்கால் நனைந்தது, இடுப்பு நனைந்தது. "நான் சோதிச்சேன்" என்பதிலேயே இருந்தார்.

"யோவ், ஒத்துக்கய்யா, மீன் கடிக்கப் போவுது" என்று மேலிருந்து யாரோ கத்தினார்கள். திர்சாவுக்குப் பொறுக்கவில்லை. "மெல்கோர், நானே தப்புன்னு சொல்லிட்டேன். உங்களுக்கென்ன வெக்கம்?"

தண்ணீர் தாடையைத் தொட்டபோதுதான் அவர் ஒத்துக்கொண்டார். "சோதிக்கவே இல்லம்மா. கணக்கு பாக்க அழகா இருந்துச்சு, கையெழுத்துப் போட்டுட்டேன்." அவர் எழும்பிய வேகத்தில் தலை கூரையில் முட்டியது. அந்தப் பள்ளம் இன்றும் இருக்கிறது.

பொழுது சாய்ந்ததும் கடல் வடிந்தது, எண்ணூறு பேரும் உயிரோடு இறங்கினார்கள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் சிலையைத் திறந்தபோது, பாதத்துக்கும் பீடத்துக்கும் நடுவே ஓர் ஆள் உயரம் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியைப் பீடத்தில் குறித்துவைத்தோம். பிறகு திர்சாவின் புதுக் கணக்கைச் செதுக்க உளி எடுத்தோம். அதற்கு முன் எண்ணூறு பேரும் சோதித்தார்கள். மெல்கோர் மூன்று தடவை.