சாவு சொல்லப் போனவர்

அப்பாவின் கால் கட்டைவிரல்களை வடிவு சேர்த்துக் கட்டினாள். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. பக்கத்து வீட்டு எல்லம்மாள் தறியை நிறுத்திவிட்டு வந்து நின்றாள்.

"உங்க அத்தைக்கு ஆள் அனுப்பிட்டியாம்மா?"

"இல்லக்கா."

"மணி எட்டாவுது. சாயங்காலம் எடுக்கணும். தந்தி குடுத்தா நாளைக்குத்தான் போய்ச் சேரும். என் வீட்டுக்காரரும் ஐயம்பேட்டைக்குப் போயிருக்காரு. உங்க ஜனம் ரெண்டு பேர் வாசல்ல நிக்கிறாங்களே, ஒருத்தரை அனுப்பேன்."

"யார் சாவைச் சொல்லவும் நம்ம ஆளுங்க போவக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு."

"அவர் எழுந்து வந்து கேக்கப் போறாரா?"

வடிவு முடிச்சை இழுத்து இறுக்கினாள். ஒரே பெண். அவளும் பிணத்தை விட்டு நகர முடியாது.

வடிவின் அப்பா முனிரத்தினம் இந்த டவுனில் கிராமசேவகர் பயிற்சி நிலையத்தில் பாடம் எடுத்தவர். பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் முகாம் நடத்துவார். ஒரு செய்தி ஜனங்களிடம் எப்படிப் போய்ச் சேருகிறது, ஆபத்தில் ஊர் யார் பேச்சைக் கேட்கிறது என்பதுதான் பாடம். பாலாற்றில் வெள்ளம் வந்த வருஷம், வாலாஜாபாத்துக்கு அப்பால் இருந்த தன் கிராமத்தில் வீடு வீடாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டார். தண்ணீர் வருவதை உனக்கு யார் சொன்னது? பதில்களை நோட்டில் அம்புக்குறிகளாகப் போட்டார். ஊர்ப் பக்கத்து அம்புகள் எல்லாம் சேரி ஆள் ஒருவரிடமிருந்து கிளம்பின. சேரிப் பக்கம் ஒரு அம்பும் இல்லை.

"எங்களுக்குத் தண்ணியேதான் வந்து சொல்லிச்சு" என்றாள் அவருடைய அக்கா கங்கையம்மாள். ஊரை எழுப்பப் போனவர் அவள் புருஷன். திரும்பி வரவில்லை.

அந்த நோட்டை முனிரத்தினம் சேரியில் உட்கார்ந்து படித்துக் காட்டினார். அதுவரை ஊரில் யார் செத்தாலும் சேரி ஆள்தான் நடந்து போய்ச் சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். வாசலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு, போடுகிற நெல்லைத் துண்டில் வாங்கிக்கொள்ள வேண்டும். அத்தோடு அது நின்றது. அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் துரைக்கண்ணுவின் தாயார் செத்தபோது சொல்லப் போக ஆளில்லை. மகள் வந்து சேருவதற்குள் எரித்துவிட்டார்கள். ஆறு வருஷமாக அவர் முனிரத்தினத்தோடு பேசவில்லை.

ஒன்பது மணிக்கு அதே துரைக்கண்ணு சைக்கிளில் வந்தார். தாலுகா ஆபீசுக்கு வந்த இடத்தில் கேள்விப்பட்டாராம். தெருவிலேயே நின்றார். வடிவு வாசலுக்கு வந்தாள்.

"ஊருக்கு யார் போயிருக்காங்க?"

"யாரும் போவல."

"ஏன், ஆள் இல்லியா?"

"இருக்காங்க. போவ மாட்டாங்க. ஏன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எங்கம்மாவுக்கு நடந்தது வாத்தியாருக்கே நடக்குது."

"ஆமா. உங்ககிட்ட சைக்கிள் இருக்குது. அத்தை தம்பி முகத்தைப் பாக்கணும். நீங்க போய்ச் சொல்லுங்க, தலைவரே."

எல்லம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். துரைக்கண்ணு சைக்கிள் மணியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னன்னு சொல்றது?"

"முகாம்ல சொல்லிக் குடுக்கலியா அவரு?"

"அது வேற."

"வாசல்ல நின்னு சொல்லுங்க. உள்ள போவாதீங்க. கிளம்பும்போது வரேன்னு சொல்லாதீங்க."

அவர் சைக்கிளைத் திருப்பினார். வடிவிடமும் வரேன் என்று சொல்லவில்லை.

மூன்று மணி பஸ்ஸில் கங்கையம்மாள் ஆறேழு பேரோடு வந்து இறங்கினாள். தம்பியின் நெஞ்சில் விழுந்து அழுதாள். அரை மணி கழித்துத் துரைக்கண்ணு வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. தோளில் துண்டு இல்லை. வடிவு சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அண்ணாந்துதான் குடித்தார்.

சைக்கிள் ஹேண்டில்பாரில் துண்டு மூட்டையாகத் தொங்கியது.

"என்ன அது?"

"உங்க அத்தை அழுதுக்கினே உள்ள போயி ஒரு படி நெல்லு கொண்ணாந்தாங்க. துண்டை விரின்னாங்க."

"விரிச்சீங்களா?"

"சேரியே பாத்துக்கினு நின்னுது."

அவர் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். பாடைக்குப் பின்னால், கடைசி ஆளாக, துரைக்கண்ணு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். மேடு பள்ளத்தில் நெல் மூட்டை ஆடியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.