அண்ணனின் அறையில்

அப்பா கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்து, டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தார். கூடத்தில் அண்ணன் கிடத்தப்பட்டிருந்தான். வந்தவர்கள் அவனைப் பார்த்துவிட்டு, பார்வையை மெல்ல இந்த அறைப் பக்கம் ஓட்டினார்கள்.

அவள் கதவைச் சாத்தினாள்.

“என்னப்பா தேடறீங்க?”

“ஒண்ணுமில்ல.”

பல்கலைக்கழக விடுதியிலிருந்து செய்தி கேட்டதும் ஓடி வந்திருந்தாள். மனநலச் சமூகப்பணியில் முதுகலை, இரண்டாம் ஆண்டு. அண்ணனுக்குப் பல வருஷமாகக் காதில் குரல்கள் கேட்டுக்கொண்டிருந்தன. அதனால்தான் அந்தப் படிப்பையே எடுத்தாள். அவனுக்கு அதில் ஏகக் கேலி. போன் பண்ணி, “இன்னிக்குப் பாடத்துல நான் வந்தேனா?” என்பான்.

தூக்கத்தில் இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊர் வாய் அதை ஏற்கவில்லை. வாசலிலேயே அத்தை அவள் கையைப் பிடித்து, “எதையாவது குடிச்சிட்டானாடி?” என்று காதோடு கேட்டாள்.

அப்பாவும் அதைத்தான் தேடுகிறார் என்பது இப்போதுதான் உறைத்தது.

“நீதானே இதையே படிக்கிற,” அவர் தலையை வெளியே எடுக்காமலே கேட்டார். “சொல்லு. அவனாவே பண்ணிக்கிட்டானா?”

“இல்லப்பா. டாக்டர் பார்த்துட்டுத்தானே சொன்னாரு.”

“நேத்து திட்டிட்டேன். நீ இருக்கறவரைக்கும் எனக்கு நிம்மதி இல்லடான்னேன். தட்டை அப்படியே வச்சிட்டு வந்து படுத்தான்.”

வகுப்பில் எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்த வாக்கியம் தானாக வாயில் வந்தது.

“உங்க மேல தப்பில்லப்பா.”

அப்பா நிமிர்ந்தார். முழங்கை முழுக்கத் தூசி.

“அது எல்லார்கிட்டயும் சொல்றது. எனக்குச் சொல்லு.”

யாரோ கதவைத் தட்டி, “எடுக்க நேரமாச்சு” என்றார்கள். அப்பா மறுபடியும் கட்டிலுக்கு அடியில் குனிந்தார். இப்படியே வெளியே போனால் மனிதர் ஆயுசுக்கும் தேடிக்கொண்டிருப்பார் என்று தோன்றியது.

“கொஞ்சம் இருங்க,” என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். “மெத்தையை அந்தப் பக்கம் பிடிங்கப்பா. சேர்ந்தே பார்ப்போம்.”

புரட்டினார்கள். தலையணை உறையை உதறினார்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தினார்கள். தொங்கிய சட்டைகளின் பைகளில் ஒவ்வொன்றாகக் கையை விட்டபோது அவளுக்கே நெஞ்சு திக்குத் திக்கென்றது. கடைசியாக மாத்திரை டப்பாவை எடுத்து அவர் மடியில் கவிழ்த்தாள். நேற்றுவரை போட வேண்டிய மாத்திரைகள் மட்டுமே குறைந்திருந்தன. மீதி அத்தனையும் அப்படியே இருந்தன.

மற்றபடி கிடைத்தது பல் உடைந்த சீப்பு, ஒற்றைக் காலுறை, கொஞ்சம் கடலைத் தோல்.

“இல்ல,” என்றார் அப்பா.

“இல்லப்பா.”

கதவு மறுபடி தட்டப்பட்டது. திறக்கப் போனவள் திரும்பிப் பார்த்தாள். அப்பா மெத்தையைப் பழையபடி போட்டு, விரிப்பின் மூலைகளை இழுத்துச் செருகிவிட்டு, தலையணையைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார்.