தபாவ் தெரியாத கணினி

சிங்கப்பூர் தஞ்சோங் பகார் அலுவலகத்தில் புதுக் கணினி வந்த அன்று சயந்தினிக்குக் கால் தரையில் பாவவில்லை. பழையதிலிருந்த கோப்புகளை எல்லாம் தானே நகலெடுத்தாள். பிறகு, மேலாளர் குகதாசன் பின்னால் நின்று பார்க்க, கறுப்புத் திரையில் ‘தபாவ்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டினாள். அன்றைய வேலையை ஒரே மூட்டையாகக் கட்டித் தரும் கட்டளை அது.

அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்றது கணினி.

“என்ன மட்டமான மெஷின் சார்! தபாவ்கூடத் தெரியலை!”

“தபாவ்ங்கறது சாப்பாட்டுக் கடையில பொட்டலம் கட்டச் சொல்றது லா,” என்றார் குகதாசன். “கம்ப்யூட்டருக்கு அதை யாரு சொல்லிக் கொடுத்தது?”

அப்போதுதான் சயந்தினிக்கு நினைவு வந்தது. சொல்லிக் கொடுத்தவள் அவளேதான், ஆறு வருடங்களுக்கு முன்பு. நீளமான கட்டளையைத் தட்டச் சோம்பல்பட்டு, அதற்கு இப்படியொரு செல்லப்பெயரை அமைப்புக் கோப்பு ஒன்றில் எழுதிவைத்தவள், அப்படி எழுதியதையே அடியோடு மறந்துபோனாள். அந்தக் கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்கும்; அப்படிப்பட்ட கோப்பு சாதாரணமாகக் கண்ணில் படாது. நகலெடுத்தபோதும் அது பழைய கணினியிலேயே தங்கிவிட்டது.

“ஆபீஸ் மெஷின்ல இந்த விளையாட்டெல்லாம் தேவையா?” என்று அவள் சொன்னதைக் கேட்டு முகத்தைச் சுளித்த குகதாசன், சாயங்காலம் மெல்ல வந்து, “அந்த ஃபைலை எனக்கும் அனுப்பும்மா” என்றார்.

அடுத்த மாதம் இருவரும் ஜூரோங்கில் ஒரு வாடிக்கையாளரின் ஆலைக்குப் போனார்கள். அங்கிருந்த கணினியில் குகதாசன் எதையோ தட்டினார், திரையை முறைத்தார், அவள் பக்கம் திரும்பினார்.

“என்ன மட்டமான மெஷின்மா இது! தபாவ்கூடத் தெரியலை!”