பல் டாக்டர் காருக்கு இன்னொரு இன்ஜின்

பல் டாக்டரின் சிவப்புக் கார் எங்கள் பட்டறையை விட்டு ஜம்மென்று கிளம்பிப் போய் அரை வருஷம்கூட ஆகியிருக்காது. இப்போது லாரியின் முதுகில் ஏறித் திரும்பி வந்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். மூக்கு நீளம், பின்பக்கம் குட்டை, கூரையை மடித்துவிடலாம். போன தடவை அதன் இன்ஜினை முழுக்கப் பிரித்துப் பூட்டியவர் என் அத்தான். என் அக்காவைக் கட்டியவர், பட்டறையில் என் கூட்டாளி, ஊர்வம்பை விலைக்கு வாங்குகிற வாய்க்காரர். பழைய இன்ஜின் என்றால் எல்லோரும் அவரைத் தேடித்தான் வருவார்கள். பிரேக், ஸ்டீயரிங், வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்குவது இதெல்லாம் என் இலாகா.

"என்ன டாக்டர், நீங்களே பல்லைப் புடுங்கப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மேம்பாலத்தில் ஏறும்போது டமார் என்று ஒரு சத்தம், வண்டி அப்படியே நின்றுவிட்டதாம். பக்கத்து சீட்டில் அவர் மகள். பின்னால் வந்த லாரிக்காரர் எப்படியோ பிரேக் அடித்து நிறுத்தியிருக்கிறார்.

"கண்ணாடியில லாரியோட மூஞ்சி மட்டும்தான் தெரிஞ்சுது. பொண்ணு இப்ப எந்தக் கார்லயும் ஏற மாட்டேங்கறா" என்றார் டாக்டர்.

எங்களைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். மனிதர் திட்டவே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அத்தான் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். இன்ஜினின் பக்கச் சுவரில் என் முஷ்டி நுழையும் அளவுக்கு ஓட்டை. பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடு முறிந்து, சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தது.

"ஆயில் இல்லாம ஓட்டினா இப்படித்தான் ஆகும் டாக்டர்."

"ஆயில் இருந்துது. போன வாரம்தான் பாத்தேன்."

"அப்ப பம்ப்பு போயிருக்கும். ஆயில் இருந்தும் மேல ஏறலை. இப்ப வர்ற பம்ப்பெல்லாம் ஒரே டுபாக்கூர்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அத்தான் சாப்பிடப் போனார்.

எனக்குப் பசிக்கவில்லை. இன்ஜினைச் சங்கிலி போட்டுத் தூக்கி இறக்கி, அடியிலிருக்கும் ஆயில் தொட்டியைக் கழற்றினேன்.

இங்கே எங்கள் பட்டறையின் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரித்துப் போட்ட இன்ஜினில் எங்கே பார்த்தாலும் துளை. ஒரு பொடி நட்டு உள்ளே விழுந்தாலும் போச்சு. அதனால் துளைகளைத் துணியால் அடைத்து வைப்போம். எல்லாப் பட்டறையிலும் செய்வதுதான். ஆனால் அத்தான் இதில் ஒரு சட்டம் வைத்திருந்தார். மஞ்சள் பனியன் துணிதான் வேண்டும். அதையும் முழுதாகத் திணிக்கக் கூடாது, ஒரு சாண் வால் வெளியே தொங்க வேண்டும். வால் தொங்குகிறவரை எந்த மூடியையும் பூட்ட முடியாது, ஆகவே மறக்கவும் முடியாது. எங்கள் பட்டறையில் திறந்து கிடக்கும் இன்ஜின் எல்லாம் நாக்கைத் துருத்திக்கொண்டுதான் கிடக்கும். வாலை விடாமல் அடைத்ததற்காக என்னை அத்தான் வாடிக்கையாளர் முன்னாலேயே கிழி கிழியென்று கிழித்திருக்கிறார்.

தொட்டிக்குள் ஆயிலை உறிஞ்சும் குழாய் இருக்கிறது. அதன் நுனியில் ஒரு சல்லடை. சல்லடை வாயை ஏதோ ஒன்று கறுப்பாக அப்பிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்து, பெட்ரோலில் அலசினேன். மஞ்சள் தெரிந்தது.

போன தடவை அத்தான் வாலையும் சேர்த்து உள்ளே தள்ளியிருக்கிறார். இன்ஜினை மூடியிருக்கிறார். துணி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி வந்து சல்லடையை அடைத்திருக்கிறது.

எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, கோபம். அதுவும் அக்கா மேல். ஏனென்றால் அவள் முன்பே சொல்லியிருந்தாள். காலையில் ஷேவ் பண்ணிவிட்டு, காப்பி குடித்துவிட்டு, மறுபடியும் போய் ஷேவ் பண்ணுகிறார் என்றாள். கடைக்குப் போனவர் பக்கத்துத் தெருவில் நின்று வீட்டுக்கு வழி கேட்டார் என்றாள். "நீ தொணதொணக்கற தொணதொணப்புல நானா இருந்தா என் பேரையே மறந்திருப்பேன்" என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். இப்போது அந்தத் துணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவளிடமே போய் நின்றேன்.

அத்தான் உள்ளே கண்ணயர்ந்திருந்தார். அக்கா துணியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நீதான் சொல்லணும். நான் சொன்னா சண்டைக்கு வருவாரு. வேலை விஷயத்துல உன் பேச்சைத்தான் கேப்பாரு" என்றாள்.

"சொன்னா பட்டறைக்கு வரதை விட்டுடுவாரு அக்கா. அப்புறம் அந்த மனுஷன் என்ன பண்ணுவாரு? உன்னோட உக்காந்து டிவி பாப்பாரா?"

"இன்னிக்கு நிக்கக் கூடாத இடத்துல வண்டி நின்னுது. நாளைக்கு நிக்க வேண்டிய இடத்துல நிக்காம போனா?"

சொல்லிவிடுகிறேன் என்று தலையாட்டினேன். சாயங்காலம் அத்தான் பட்டறைக்கு வந்து, "என்ன மாப்ளே, பம்ப்புதானே?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, "பம்ப்புதான் அத்தான்" என்றேன்.

"நான் சொல்லலை?" என்று அவர் ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் பத்துப் பொய் சொல்லியிருப்பேன்.

ஓட்டை விழுந்த இன்ஜினை ஒன்றும் செய்ய முடியாது. ஒட்டுப் போட்டால் நிற்காது. வேறு இன்ஜின்தான். காயலான் கடைக்காரர் ஒருவரிடம் அதே ஜாதிக் கார் ஒன்று கிடந்தது. பின்னால் யாரோ இடித்து நசுங்கிய வண்டி, முன்பக்கம் பழுதில்லை. அதன் இன்ஜின் வந்து இறங்கிய அன்று அத்தான் தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தார். அப்படியே மாட்டிவிடலாமே என்று டாக்டர் கேட்டதற்கு, "எவன் கை பட்டதோ, எவன் என்ன கூத்து அடிச்சு வச்சிருக்கானோ! திறந்து பாக்காம நான் மாட்ட மாட்டேன்" என்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி, கூடவே இருப்பதுதான். என் பிரேக் வேலைகளை ஓரம் கட்டிவிட்டு அவர் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன்.

"என்ன மாப்ளே, வீட்ல பொண்டாட்டி துரத்திட்டாளா? என் முதுகுலயே ஒட்டிக்கிட்டுத் திரியற?"

"உங்க அழகைப் பாத்துக்கிட்டே இருக்கணும்னு தோணுது அத்தான்."

"அதுக்கு உங்க அக்கா டிக்கெட் வச்சிருக்கா. கேட்டுட்டு வா."

வேலையில் அவர் விரல்கள் பழைய விரல்கள்தான். பிஸ்டன் வளையங்களை மாற்றினார். பேரிங்கைத் தடவிப் பார்த்தே எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று சொன்னார், அளந்தால் சரியாக இருந்தது. ஆனால் கையில் இருக்கும் சாமானின் பேர் வராது. "அதைக் குடு, அந்த... முறுக்கறது" என்பார். நான் முந்திக்கொண்டு ஸ்பேனரை நீட்டுவேன். ஒரு போல்ட்டை முறுக்குவார், வேறு எதையோ பார்ப்பார், "இதை முறுக்கிட்டேனா?" என்பார். "முறுக்கிட்டீங்க அத்தான்." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்பார். நான் கோபக்காரன் என்று பேர் எடுத்தவன். அந்த நாட்களில் ஒரு முறைகூடக் குரலை உயர்த்தவில்லை. அதைக் கண்டே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மூட வேண்டிய நாள் வந்தது. இன்ஜினைத் தலைகீழாக ஸ்டாண்டில் மாட்டியிருந்தோம். டாக்டர் சொன்ன ஏதோ பல் ஜோக்கை எனக்குச் சொல்லிக்கொண்டே அத்தான் துணிகளை ஒவ்வொன்றாக வாலைப் பிடித்து உருவிப் போட்டார். ஆனால் ஓரத்துத் துளை ஒன்றில் வால் இல்லை. காலையில் அதற்குள் அவர் விரலை விட்டு ஒரு துணியை முழுதாகத் தள்ளியதை நான் பார்த்திருந்தேன். இப்போதாவது ஞாபகம் வரட்டும் என்று காத்திருந்தேன். அவர் ஆயில் கசியாமல் தடுக்கிற கேஸ்கட்டைப் பரப்பினார், ஓரங்களை நீவிவிட்டார், கையை நீட்டினார்.

"தொட்டியைக் குடு."

நான் கொடுக்கவில்லை.

"குடுய்யா, தூங்கறியா?"

தொட்டியைக் கீழே வைத்துவிட்டு, மூக்கு நீண்ட பிளையரை எடுத்து அந்தத் துளைக்குள் விட்டு இழுத்தேன். மஞ்சள் துணி வந்தது. அதை அவர் முன்னால் மேஜைமேல் வைத்தேன்.

அத்தான் துணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எந்த மடையன் இப்படி வச்சது?"

பட்டறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். திட்டுவதற்குத் திறந்த அவர் வாய் மெல்ல மூடிக்கொண்டது.

"போன தடவையும் இதுதானா?"

"ஆமா அத்தான்."

"பம்ப்பு?"

"பம்ப்பு நல்லாத்தான் இருந்துது."

ஸ்பேனர் பறக்கும் என்று நினைத்தேன். பறந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டர் பொண்ணு பக்கத்துல இருந்துது, இல்ல?"

"அதுக்கு ஒண்ணும் ஆகலை."

"ஆகலை. ஆகியிருந்தா?"

எழுந்து போய்க் குழாயடியில் கையைக் கழுவினார். சோப்பைப் போட்டுப் போட்டு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவினார். துடைத்துக்கொண்டு வந்து, "நீ மூடு. நான் இனிமே தொடலை. எந்த வண்டியையும்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வயதில், இவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதேன். அத்தான் என் தோளைப் பிடித்து இன்ஜினை விட்டுத் தள்ளி நிறுத்தினார்.

"அந்தப் பக்கம் போய் அழுடா. பேரிங் மேல தண்ணி சொட்டுது."

நான் மூடினேன். நான்தான் காரில் இறக்கிப் பூட்டினேன். சாவியைத் திருப்பியதும் முதல் முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது. அத்தான் வாசல் பக்கமாக நின்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, சரி என்று தலையசைத்தார். டாக்டர் வந்தபோது மறைக்கவே இல்லை. "உங்க பழைய இன்ஜினைக் கெடுத்தது நான்தான் டாக்டர். துணியை உள்ள விட்டு மூடிட்டேன். எனக்கு இப்ப ஞாபகம் சரியில்லை" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு அத்தானின் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.

அன்று ராத்திரி அக்கா போன் செய்தாள். அவரே எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டாராம். நன்றாகச் சாப்பிட்டாராம். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. எது நடக்கக் கூடாது என்று பயந்துகொண்டிருந்தேனோ அது நடந்து முடிந்துவிட்டது, இனி அவரைத் தேற்றுகிற வேலை ஒன்றுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் காலை நான் போனபோது பட்டறை ஷட்டர் திறந்திருந்தது. அத்தான் வேலை உடுப்பில் இருந்தார். யாரோ விட்டுப்போன நீலக் காரின் பானட்டைத் தூக்கி வைத்து, இன்ஜினின் மேல்மூடியைப் பாதி கழற்றியிருந்தார். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க துரை. இப்பத்தான் விடிஞ்சுதா?"

"அத்தான், என்ன பண்றீங்க?"

"பாத்தா எப்படித் தெரியுது? சமையல் பண்றேன்."

"நேத்து பேசினோமே அத்தான்."

"என்ன பேசினோம்?"

விளையாடுகிறாரா என்று பார்த்தேன். என்னை ஏமாற்றுவது அவருக்குப் பொழுதுபோக்கு. சிரிப்பை அடக்கும்போது ஒரு பக்கக் கன்னம் துடிக்கும், எனக்குத் தெரியும். அது துடிக்குமென்று காத்திருந்தேன். துடிக்கவில்லை. அவர் நிஜமாகவே பதிலை எதிர்பார்த்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி வைத்தேன். உட்காரச் சொன்னேன். முதலிலிருந்து சொன்னேன். துணியைச் சொன்னேன், சல்லடையைச் சொன்னேன், மேம்பாலத்தையும் லாரியையும் அந்தப் பெண்ணையும் சொன்னேன். அவருக்கு எல்லாமே புதிது. கேட்கக் கேட்க அவர் முகம் நேற்று விழுந்த மாதிரியே விழுந்தது. ஆயில் கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையை நிமிர்த்தினார். கோபமாகத்தான் கேட்டார்.

"எவ்வளவு பெரிய விஷயம்! இதை நேத்தே என்கிட்ட சொல்ல வேண்டாமா மாப்ளே?"

"சொல்லியிருக்கணும் அத்தான். தப்புதான்" என்றேன்.