பெரியப்பாவை நிறுத்த ஒரு டிஜே

ரிசப்ஷனுக்கு டிஜே தேடுகிறவர்கள் என்ன பாட்டு போடுவார் என்று கேட்பார்கள், ஸ்பீக்கரைப் பார்ப்பார்கள், கலர் லைட் உண்டா என்று விசாரிப்பார்கள். நான் தேடியது ஒரே ஒரு தகுதியைத்தான். மைக்கைப் பிடித்த என் பெரியப்பாவை நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

பெரியப்பா தங்கமான மனிதர். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மைக் கிடைத்துவிட்டால் அவர் மனசுக்கும் வாய்க்கும் நடுவில் கதவே கிடையாது. என் ரிசப்ஷனில் மேடையேறி, "இந்தக் குழந்தைய மூணு பேர் பாத்துட்டு வேண்டாம்னுட்டாங்க. நாலாவதா வந்தாரு பாருங்க நம்ம மாப்பிள்ளை, அவருக்கு எவ்வளவு பெரிய மனசு!" என்று கண் கலங்கிச் சொன்னார். கூட்டமே கைதட்டியது. இத்தனை வருஷம் கழித்தும், சண்டை வந்தால் என் வீட்டுக்காரர் பதிலுக்குப் பேசுவதில்லை. "நாலாவது ஆளு, பெரிய மனசு" என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டுக்கொள்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் கதை கிடக்கட்டும். இப்போது கல்யாணம் என் தங்கைக்கு. அவளுக்கு முன்னால் ஒரு இடத்தில் நிச்சயமாகி நின்றுபோனது. அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. மாப்பிள்ளையிடம் அவளே சொல்லிவிட்டாள், அவரும் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவருடைய அம்மாவிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

"பெரியப்பா மேடையில வெச்சு அதைச் சொல்லிட்டார்னா, நான் எப்படிக்கா அந்த வீட்டுக்குள்ள தலை நிமிந்து போவேன்?" என்று தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் நேராக அப்பாவிடம் போனேன்.

"நீங்களே சொல்லிடுங்கப்பா, பேச வேண்டாம்னு."

"என்னைத் தூக்கி வளத்த அண்ணன்மா. அவர்கிட்டப் போய் வாயை மூடுங்கன்னு சொல்றதா? என் நாக்கு அழுகிடும்."

அம்மாவைப் பார்த்தேன். அம்மா வெங்காயத்தைப் பார்த்தாள். பூனைக்கு மணி கட்ட வீட்டில் ஆளில்லை. அதனால்தான் வெளியாளைத் தேட வேண்டியதாயிற்று.

ஒவ்வொரு டிஜேயையும் மண்டபத்துக்கே வரவழைப்பது, பெரியப்பாவைப் பேசவிடுவது, நான் காதைத் தொட்டதும் டிஜே மைக் சத்தத்தை இறக்கிப் பாட்டை ஏற்றுவது. இதுதான் திட்டம். "மைக் நல்லா இருக்கான்னு நீங்கதான் பேசிப் பாத்துச் சொல்லணும் பெரியப்பா" என்று கூப்பிட்டேன். மனிதர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்துவிட்டார். தங்கையும் கூட வந்தாள்.

முதலில் வந்தவன் மண்டபத்துக்குள்ளும் கூலிங் கிளாஸைக் கழற்றாத பையன். "கவலையே படாதீங்க மேடம், எத்தனையோ பேரை நிறுத்தியிருக்கேன்" என்றான். பெரியப்பா, காலமாகிப்போன பெரியம்மாவைப் பற்றி ஆரம்பித்தார். நான் காதைத் தொட்டேன். மறுபடி தொட்டேன். காது கழன்று கையோடு வந்துவிடும்போல் தொட்டேன். பையன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். போதாததற்கு, பெரியப்பாவின் பேச்சுக்கு அடியில் மெல்லிசாகப் புல்லாங்குழல் வேறு ஓடியது.

"சாரி மேடம். எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு."

"உங்கம்மாவ நல்லா பாத்துக்கோ, போ" என்று அனுப்பிவைத்தேன்.

அடுத்தவன் ஜிம் உடம்பு. இவனாவது நிறுத்துவான் என்று பார்த்தால், பெரியப்பா மைக்கிலேயே கேட்டார்: "தம்பி, அப்பா என்ன பண்றார்?" இவன் தன் மைக்கில் பதில் சொன்னான். அவன் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர்களாம். அப்புறம் கேட்க வேண்டுமா? ஆளுக்கொரு மைக்கில் டிப்போ கதை, இடையிடையே வெடிச்சிரிப்பு. ஒரு பெரியப்பாவை நிறுத்தப் போய் இரண்டு பெரியப்பா ஆனதுதான் மிச்சம்.

மூன்றாவதாக வந்தவள் ஒல்லியான ஒரு பெண். கழுத்தில் ஹெட்போன், முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும், "சரி" என்று போய் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அன்பார்ந்த சொந்தபந்தங்களே" என்றார். நான் காதைத் தொட்டேனோ இல்லையோ, டமடமவென்று மேளம் இறங்கியது. பெரியப்பாவின் வாய் மட்டும் அசைந்தது. மைக்கைத் தட்டினார், ஊதினார், குலுக்கினார். பிறகு, "இது செத்துப்போச்சும்மா" என்று என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். அவர் போகிறதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

அவர் போனதும் அந்தப் பெண் பாட்டை நிறுத்தி மைக் சத்தத்தை மறுபடி ஏற்றிவிட்டாள். அது அவள் தொழில் ஒழுங்கு. எனக்கு அது தெரியவில்லை. நான் கணக்கு டீச்சர். நாற்பது பிள்ளைகளின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய குரல், மைக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் காதுக்கு ஒன்றுதான். தங்கையைப் பார்த்துப் பொரிந்து தள்ளினேன்.

"இவதான்டி நமக்கு வேணும்! இனிமே நீ நிம்மதியா தூங்கு. உனக்கு முன்னாடி ஒரு இடத்துல நிச்சயமாகி நின்னுச்சுல்ல, அதைப் பெரியப்பா நூறு தடவ சொன்னாலும் ஒரு ஈ காக்காவுக்குக் கேக்காது. உன் மாமியாருக்குச் சாகிற வரைக்கும் தெரியாம பாத்துக்கிறது என் பொறுப்பு!"

டிஜே பெண் இரண்டு கைகளையும் ஆட்டினாள். பாராட்டுகிறாள் என்று நினைத்து நானும் கையை ஆட்டினேன். தங்கையின் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவள் பார்த்த பக்கம் திரும்பினேன். சாப்பாட்டுக்கூடம் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

ஐயோ, அந்த நிமிஷம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா! அந்த அம்மா மெதுவாக நடந்து மேடைக்குக் கீழே வந்தார்.

"சாகிற வரைக்குமா?" என்றார்.

நான் மைக்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"உங்க பெரியப்பா எங்க வீட்டுக்கு முதல் தடவ வந்தப்பவே சொல்லிட்டாரும்மா. கை கழுவப் போன இடத்துல. 'எங்க பொண்ணு ஒரு தடவ நொந்துட்டா, இன்னொரு தடவ தாங்க மாட்டா, நீங்கதான் பாத்துக்கணும்'னு அழுதார். அதைக் கேட்டப்புறம்தான் இவதான் என் மருமகள்னு முடிவு பண்ணேன்." தங்கையின் பக்கம் திரும்பினார். "நீயா ஒருநாள் வந்து சொல்லுவேன்னு காத்திருந்தேன். ஒவ்வொரு தடவ போன் பண்ணும்போதும், இன்னைக்குச் சொல்லுவா, இன்னைக்குச் சொல்லுவான்னு."

"பயமா இருந்துச்சு அத்தை."

"என்கிட்டயா?" என்று அவர் கேட்டதும் தங்கை அவர் தோளில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை. வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது.

பெரியப்பா தண்ணீர் டம்ளரோடு திரும்பி வந்தார். அழுகிற எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "என்னாச்சு? மைக் சரியாகலையா?" என்றார்.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி அவரிடம் கொடுத்தாள். "சரியாயிடுச்சு பெரியப்பா. விட்ட இடத்திலேருந்து பேசுங்க. ரிசப்ஷன்லயும் நீங்கதான் பேசணும்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. டிஜே பெண் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"அப்போ என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க? யாரையும் நிறுத்த வேண்டாமா?"

தங்கை என்னைப் பார்த்தாள். அவள் மாமியார் என்னைப் பார்த்தார். அந்தப் பெண் புரிந்துகொண்டு, மறந்துபோகாமல் இருக்க என் முகத்தை நிதானமாகப் பார்த்துவைத்துக்கொண்டாள்.