மந்திரிக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை

அடுப்புக் கம்பெனியில் அவளுக்கு ஒரே பெயர்தான், பிரஸ் அக்கா. மேனேஜரிலிருந்து கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். தட்டையான எஃகுத் தகட்டை உள்ளே வைத்தால், மேலிருந்து இறங்கி ஒரே அமுக்கில் கேஸ் அடுப்பின் மேல்பாகமாக மாற்றித் தரும் பிரஸ் மெஷின். அதை ஓட்டிய ஒரே பெண் அவள். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிக் குரல் உரத்துவிட்டது. வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டால் எதிர்வீட்டில் எடுத்துக்கொண்டு வருவார்கள்.

வெளிநாட்டுச் சரக்குக்கு வரி போடப்போவதாக அரசாங்கம் அறிவித்தபோது அவளும் கைதட்டியவள்தான். கொழுந்தன் ஆளுங்கட்சியில் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளன். வெள்ளைச் சட்டை கசங்காமல் அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, மேடையில் பேசுவதுபோலவே பேசுவான்.

"அண்ணி, இனிமே வெளிநாட்டுக்காரன் நம்ம தலையில மிளகா அரைக்க முடியாது. வரியைப் போட்டு அடிச்சுத் துரத்திட்டோம். உங்க கம்பெனியெல்லாம் மூணு ஷிப்ட் ஓடும், பாத்துக்கிட்டே இருங்க."

அவளும் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். முதலில் தகடு வருவது குறைந்தது. பிறகு ஒரு ஷிப்ட் நின்றது. அப்புறம் மேனேஜர் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்தார்.

"நம்ம தகடு வெளிநாட்டிலிருந்து வருது. வரியால விலை எகிறிடுச்சு. சரி, உள்ளூர்த் தகடு வாங்கலாம்னா, போட்டிக்கு ஆள் இல்லேன்னு தெரிஞ்சதும் அவனும் அதே அளவுக்கு ஏத்திட்டான். இதுக்கு நடுவுல, நம்ம அடுப்பை வாங்குற நாடு பதிலுக்கு நம்ம மேல வரி போட்டுடுச்சு. ஆர்டர் மொத்தமும் கேன்சல்."

பிரஸ் அக்கா எழுந்தாள். "அப்ப இந்த வரி யாரைக் காப்பாத்த சார் போட்டது?"

மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார்.

பாலிஷ் பிரிவுப் பெண்களை முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்து பிரஸ் பிரிவு. கம்பெனியின் அடுப்புப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஓடிய அவள் கணவனின் வேனும் நின்றது. மனிதன் தினமும் காலையில் வேனைத் துடைப்பான். துடைத்து முடித்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் துடைப்பான். வேலை வந்ததும் கூப்பிடுகிறோம் என்று சொன்ன கம்பெனியிலிருந்து ஒரு போனும் இல்லை.

ஒரு நாள் போன் வந்தது. மேனேஜர் குரலில் தேன் ஒழுகியது.

"நாளைக்கு ஒரு நாள் வந்துட்டுப் போங்க அக்கா. மந்திரி வர்றாரு. மெஷின் ஓடுற மாதிரி காட்டணும். நாளைக்கு வர்றவங்களுக்குத்தான் திரும்பத் திறக்கும்போது முதல் இடம்."

"தகடு வந்துடுச்சா சார்?"

"அதெல்லாம் நீங்க ஏன் கேக்குறீங்க. வாங்க."

போனாள். வேறு என்ன செய்வாள்? கேட்டிலேயே புது நீல யூனிபார்ம் கொடுத்தார்கள். இத்தனை வருடம் கேட்டும் கிடைக்காத கையுறை, காதடைப்பான் எல்லாம் அன்றைக்குக் கிடைத்தன. மெஷினுக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்குத் தகடு அடுக்கியிருந்தது. ஆசையாகத் தொட்டுப் பார்த்தாள். மேலே நாலைந்துதான் தகடு. கீழே முழுக்க பழைய மரப்பலகை, ஓரத்தில் வெள்ளிக் காகிதம் ஒட்டியிருந்தது. இந்த ஏற்பாட்டையெல்லாம் முன்னின்று செய்துகொண்டிருந்தது அவளுடைய கொழுந்தன். அண்ணியைப் பார்த்ததும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

மந்திரி வந்தார். அவருக்கு முன்னால் கேமராக்கள், பின்னால் ஒரு பட்டாளம். பெண் ஒருத்தி பிரஸ் ஓட்டுவதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. நேராக அவளிடம் வந்து, மெஷின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார்.

"என்னம்மா, சந்தோஷமா இருக்கீங்களா?"

"சிரிங்கம்மா, இங்க பாத்துச் சிரிங்க," என்றான் கேமராக்காரன்.

மேனேஜர் கண்ணாலேயே கெஞ்சினார். முதல் இடம், முதல் இடம் என்று அவள் மனதுக்குள் ஓடியது. வீட்டில் வேனைத் துடைத்துக்கொண்டிருக்கும் மனிதனை நினைத்தாள். சிரித்தாள். பல் தெரிய, கன்னம் வலிக்கச் சிரித்தாள்.

மந்திரியின் கார் கேட்டைத் தாண்டியதும் யூனிபார்மைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கையுறையையும் எண்ணி வாங்கினார்கள். போய்வாருங்கள் என்று சொல்லக்கூட ஆள் இல்லை. அதற்கப்புறம் அவள் போன் செய்தால் மேனேஜர் எடுப்பதே இல்லை.

ஒரு கல்லூரி விடுதியின் சமையல்கூடத்தில் காய் நறுக்கி, பாத்திரம் கழுவும் வேலை அவளுக்குக் கிடைத்தது. பேருந்து ஏற, அடுப்புக் கம்பெனியைத் தாண்டி முக்கு ரோட்டு நிறுத்தத்துக்கு வரவேண்டும். அங்கேதான் ஒரு காலையில் தன்னைப் பார்த்தாள்.

இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய பெரிய பிளக்ஸ். மந்திரி ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நீல யூனிபார்மில் அவள், கதவு உயரத்துக்கு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. மேலே கொட்டை எழுத்தில், 'வரி போட்டோம்! வாழவைத்தோம்!'

நிறுத்தத்தில் நின்ற யாரோ ஒருவர் பிளக்ஸையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பாத்திரம் கழுவி ஊறிப்போன கைகளை அவள் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். தப்பு செய்தவன் சிரித்துக்கொண்டு நிற்க, நான் எதற்குக் கையை மறைக்கிறேன் என்று தோன்றியதும் கையை வெளியே எடுத்தாள்.

அன்று மாலையே கம்பெனித் தோழி பாலிஷ்காரி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பத்து வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவள்.

"உள்ள வா."

"நான் எதுக்கு உள்ள வரணும்? உனக்கு மட்டும் வேலையைக் கொடுத்துட்டாங்களாமே. கொழுந்தன் கட்சியில இருந்தா எல்லாம் நடக்கும். எங்களுக்கு அப்படி ஆள் இல்லையே."

"அடிப்பாவி, என் கையைப் பாருடி. பிரஸ் ஓட்டுற கை மாதிரியா இருக்கு?"

பாலிஷ்காரி பார்த்தாள். ஆனால் நம்பவில்லை. ஊர் முழுக்கச் சிரித்துக்கொண்டு நிற்கும் முகத்தை நம்புவதா, இந்தக் கையை நம்புவதா? "சிரிச்சேல்ல," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு வார்த்தை, அறைந்ததைவிட மோசம்.

மறுநாள் பிரஸ் அக்கா கட்சி ஆபீசுக்குப் போனாள். குளிர்சாதன அறையில் கொழுந்தன் போனில் பேசிக்கொண்டிருந்தான். அவள் நின்றாள். பேசி முடித்துவிட்டு, "வாங்க அண்ணி, பாத்தீங்களா? நாடு முழுக்க நீங்கதான்," என்றான்.

"அதை எடுக்கச் சொல்லு."

"எதுக்கு? இந்த அதிர்ஷ்டம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நம்ம குடும்பத்துக்கே பெருமை."

"எனக்கு வேலை போனதே உங்க வரியால. வேலை போனவ மூஞ்சியை வச்சு, வாழவச்சோம்னு எழுதியிருக்கீங்க. வாய் கூசல?"

"எழுதுனது நான் இல்லையே. மேலிடத்து விளம்பரம், அதுல கை வைக்க முடியாது. கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க. நாட்டுக்காக எல்லாரும்தான் கஷ்டப்படுறோம்."

அவள் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். தோல் சோபா. சுவரில் புது டிவி. மேசைமேல் அவன் பாதி குடித்து வைத்திருந்த பழரசம்.

"நீ எந்தப் பக்கமா கஷ்டப்படுறேன்னு கொஞ்சம் காட்டு, பாத்துட்டுப் போறேன்," என்றாள்.

அவனுக்கு முகம் கறுத்தது. "அண்ணியாச்சேன்னு பேசாம இருக்கேன்."

"பேசு. பேசினா நானும் பேசுவேன்."

இரண்டு பேர் வந்து அவளை மரியாதையாக வெளியே அனுப்பிவைத்தார்கள். மரியாதை என்றால், கையைப் பிடிக்காமல்.

அடுத்த நாள் விடுதியில் மதிய வேலை முடிந்ததும், காய் நறுக்கும் கத்தியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். முக்கு ரோட்டில் இறங்கினாள். நல்ல வெயில், நிறுத்தத்தில் கூட்டம். நிறுத்தத்து பெஞ்சைத் தரதரவென்று இழுத்துப் போட்டு ஏறினாள். தன் முகத்தின் நெற்றியில் கத்தியைச் செருகி, காதோரமாகக் கீழே இழுத்தாள். பிளக்ஸ் சர்ரென்று கிழிந்தது. அவசரப்படாமல், மந்திரிமேல் ஒரு கீறல்கூட விழாமல், தன் முகத்தை மட்டும் சுற்றிலும் அறுத்து எடுத்தாள். சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினாள்.

"ஏம்மா, கவர்மெண்ட் விளம்பரத்தைக் கிழிக்கிறியே, பைத்தியமா?" என்றார் ஒருவர்.

"என் மூஞ்சி. நான் வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

கொண்டுபோக விடவில்லை. அவள் ரோட்டைத் தாண்டுவதற்குள் போலீஸ் வண்டி வந்துவிட்டது. ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டரம்மா அந்தச் சுருளை மேசைமேல் விரித்தாள். சிரித்த முகம் மேசையை அடைத்துக்கொண்டது. இன்ஸ்பெக்டரம்மா அதைப் பார்த்தாள், எதிரில் நிற்பவளைப் பார்த்தாள்.

"இது நீதானா?"

"நானேதான்."

"உன் படத்தை நீயே கிழிச்சியா? நான் எப்படி எழுதுறது இதை?"

"நடந்ததை எழுதுங்க மேடம். இதுவரைக்கும் ஒருத்தரும் எழுதல."

இன்ஸ்பெக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்து அடங்கியது. பேனாவை மூடி வைத்துவிட்டு, "எங்க வீட்டுக்காரரும் தகட்டுக் கடைதான் வச்சிருந்தாரு," என்று மெல்லச் சொன்னாள். ஆனாலும் வழக்குப் பதிவு செய்தாள். மேலிடத்து உத்தரவு.

அதற்குள் முக்கு ரோட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. கிழித்த செய்தி கேட்டு, பாலிஷ்காரி ஓட்டமும் நடையுமாக வந்தாள். மந்திரி அப்படியே சிரித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டை. அதைப் பார்த்தவள், சட்டென்று பெஞ்சைப் பிளக்ஸுக்குப் பின்னால் இழுத்துப் போட்டு ஏறி, ஓட்டை வழியாகத் தன் முகத்தை நீட்டினாள்.

"படம் எடுங்க," என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "எல்லாரும் எடுங்க. நானும் அந்தக் கம்பெனிதான். பாலிஷ் பிரிவு. என்னையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. என் மூஞ்சியையும் போடுங்க, சிரிக்காம போடுங்க."

அவள் இறங்க, இன்னொருத்தி ஏறினாள். பிறகு பெயிண்ட் பிரிவு ஆள். பிறகு லோடு ஏற்றுகிறவர்கள். வேனைத் துடைத்துக்கொண்டிருந்த மனிதனும் வந்து ஏறினான். முகத்தை மட்டும் நீட்டிவிட்டு இறங்கினான். எல்லாம் வீடியோவாகி, பொழுது சாய்வதற்குள் ஊரெல்லாம் சுற்றியது.

ஜாமீனில் அவள் வீடு வந்தபோது வாசலில் மைக்குகள். "நாங்க பிரஸ்," என்றான் ஒருவன்.

"நானும் பிரஸ்தான் தம்பி. அன்னைக்கு மந்திரி பின்னாடியே வந்தீங்களே, அடுக்கியிருந்த தகட்டை ஒருத்தராவது தொட்டுப் பாத்தீங்களா? மரக்கட்டைக்கு வெள்ளிக் காகிதம் ஒட்டியிருந்தாங்க. மெஷின் காத்தை அமுக்கிக்கிட்டு இருந்துச்சு. கேட்டீங்களா?"

மைக் கொஞ்சம் கீழே இறங்கியது.

எதிர்க்கட்சி மட்டும் சும்மா இருக்குமா? மறுநாள் காலையிலேயே பூங்கொத்தோடு ஒரு கூட்டம் வந்துவிட்டது. தலைவர் போல இருந்தவர் கும்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வீரப்பெண்மணி நீங்க. உங்க படத்தைப் போட்டு ஒரு பேனர் அடிக்கலாம்னு இருக்கோம். 'வரி போட்டார்கள், வயிற்றில் அடித்தார்கள்'னு. ஒரு போட்டோ மட்டும். கொஞ்சம் அழுற மாதிரி இருந்தா நல்லா இருக்கும்."

அவள் காதில் விழுந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை.

"அழணுமா?"

"லேசா."

"வரி மசோதா வந்தப்ப நீங்க எந்தப் பக்கம் கை தூக்கினீங்க?"

தலைவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் பூங்கொத்தைப் பார்த்தார்.

"அப்ப நிலைமை வேற..."

"எழுந்திரிங்க," என்றாள் அவள். "அவன் சிரிக்கச் சொன்னான், நீங்க அழச் சொல்றீங்க. என் மூஞ்சி என்ன உங்க ரெண்டு பேருக்கும் குத்தகையா? எழுந்திரிங்கன்னேன்!"

அந்தக் குரலுக்கு எதிர்வீட்டுக் கதவுகூடத் திறந்தது. பூங்கொத்து அவர்கள் பின்னாலேயே பறந்து போய்க் காருக்குள் விழுந்தது.

வரி அப்படியே இருக்கிறது. கம்பெனியை முதலாளி ஒரேயடியாக மூடிவிட்டார். பிளக்ஸ்களை மட்டும் இரவோடு இரவாக எடுத்துவிட்டு, எங்கிருந்தோ கொண்டுவந்த ஒரு நடிகையின் படத்தை ஒட்டிவிட்டார்கள். கொழுந்தனின் பொறுப்பைப் பறித்துவிட்டதாகச் சொன்னார்கள். அவன் அண்ணன் வீட்டுப் பக்கம் வருவதில்லை. அவள் வருத்தப்படவும் இல்லை. வழக்கு நடக்கிறது. சுருட்டிய முகத்தில் சீல் வைத்து நீதிமன்றத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

வாரம் ஒருமுறை, விடுதி வேலை முடிந்ததும், அவளும் பாலிஷ்காரியும் மற்றவர்களும் தொழிலாளர் நல அலுவலகத்து வாசலுக்குப் போகிறார்கள். வேலை அல்லது வேலை போனதற்கு ஈடு, இரண்டில் ஒன்றை அதிகாரி சொல்லாமல் போவதில்லை என்று சத்தம் போடுகிறார்கள். போன வாரம் அதிகாரியே வெளியே வந்தார்.

"ஏம்மா இப்படி வெயில்ல நின்னு கத்துறீங்க? கோபத்தை விட்டுட்டு உள்ள வந்து உக்காருங்க, பேசலாம்."

"உக்காருறோம் சார்," என்றாள் பிரஸ் அக்கா. "கோபத்தை விட்டுட்டு வர்றதா இருந்தா வீட்டிலயே உக்காந்திருப்போமே."

நாற்காலி போதவில்லை. தரையில் உட்கார்ந்தார்கள். அதிகாரி முதல்முறையாக ஒரு பேனாவை எடுத்தார்.